கீழ் அறைக் கூரையில் ஈரம்: டைல்ஸை உடைப்பதா, பாட்டில் மருந்து ஊற்றுவதா?

கேள்வி: எங்கள் வீட்டு மாடிக் குளியலறையை நானும் கணவரும் மாமனாரும் கல்லூரியில் படிக்கும் மகனுமாகச் சேர்ந்து 11 வார இறுதிகளில் புதுப்பித்தோம். பழைய டைல்ஸை நாங்களே பெயர்த்தோம், தரைக்கு நீர்க்காப்புப் பூச்சு ஒரு கோட் அடித்தோம், மறுநாளே புது டைல்ஸ் ஒட்டினோம். சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து விடும் ஷவர் மிக்சரும் புதிது. கழிவுநீர்க் குழாயை இணைக்க மட்டும் பிளம்பரைக் கூப்பிட்டோம். டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் கிரவுட் போட்ட அன்று மாலையே மாமனார் குளித்துவிட்டார். பத்து நாள் கழித்துக் கீழே படுக்கையறைக் கூரையில் தட்டு அளவுக்கு ஈரம் தெரிகிறது. டைல்ஸை உடைத்தாக வேண்டும் என்கிறார் கணவர். டைல்ஸ் இடுக்குகளில் ஊற்ற ஒரு பாட்டில் மருந்து இருக்கிறது, உடைக்கவே வேண்டாம் என்கிறார் கடைக்காரர். இலவசமாக வந்து பார்க்கிறோம் என்று ஒரு நிறுவனம் தினமும் போன் செய்கிறது. வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு யார் சொல்வதையும் கேட்காதீர்கள். சுத்தியலைக் கீழே வையுங்கள், பாட்டிலையும் வாங்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் செய்யும் எந்த வைத்தியமும் இன்னொரு 11 வாரத்தை விழுங்கிவிடும். ஒரு வாரம் ஒதுக்கினால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பென்சில், ஒரு வாளி, ஒரு பழைய துணி போதும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஈரம் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில் விளக்கோ மின்விசிறியோ இருந்தால் அந்த அறையின் மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே நிறுத்திவிடுங்கள். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் போதாது.

இனி சோதனைக்கு வருவோம். ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். குளியலறையை ஒரு நாள் முழுக்க யாரும் பயன்படுத்தக் கூடாது. மாமனாரும்தான். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எண் நகர்ந்திருந்தால் அழுத்தத்தில் இருக்கும் ஏதோ ஒரு குழாய் ஒழுகுகிறது என்று அர்த்தம். மீட்டர் இல்லாத வீடு என்றால் குளியலறைக்குப் போகும் வால்வை மட்டும் ஒரு நாள் மூடிவையுங்கள், மறுநாள் திறந்துவையுங்கள். இரண்டு நாளும் பென்சில் கோட்டைக் கவனித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மீட்டர் அசையவில்லை என்றதும் குழாய் மேல் தப்பில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். மிக்சரிலிருந்து ஷவர் தலை வரை சுவருக்குள் ஏறும் குழாயில், மிக்சர் மூடியிருக்கும்போது அழுத்தமே கிடையாது. அது எத்தனை ஒழுகினாலும் மீட்டரில் தெரியாது. குளிக்கும்போது மட்டும் சுவருக்குள் சத்தமில்லாமல் வடியும். இதைப் பிடிக்க ஷவர் தலையைக் கழற்றி, அந்த இடத்தில் பொருத்தமான ஒரு மூடியைத் திருகுங்கள். குளிர்ந்த நீர்ப் பக்கம் மிக்சரைத் திறந்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். தரையில் ஒரு சொட்டு விழவில்லை, ஆனாலும் கீழே கோட்டைத் தாண்டி ஈரம் வளர்கிறது என்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். உங்கள் மிக்சர் புதிது என்பதால் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கழிவுநீர். தரை உலர்ந்திருக்க வேண்டும். ஒரு புனலோ குழாய்த் துண்டோ வைத்து, தரையில் சிந்தாமல் மூன்று வாளித் தண்ணீரை நேராகத் தரை ட்ராப்புக்குள், அதாவது தரைத் தண்ணீர் வடிந்து போகும் வாய்க்குள், ஊற்றுங்கள். பிறகு ஒரு நாள் காத்திருங்கள். கீழே ஈரம் கூடினால் ட்ராப்பும் குழாயும் சேரும் இணைப்பில் கோளாறு.

இதிலும் ஒன்றுமில்லை என்றால் கடைசியாகத் தரை. ஒரு துணியைப் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி ட்ராப்பின் வாயை இறுக அடையுங்கள். தரையில் 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். கதவு வாசற்படி அதைவிடத் தாழ்வாக இருந்தால் அதற்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ளுங்கள். பாரத்துக்குப் பயப்பட வேண்டாம். அந்த உயரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 கிலோதான் வரும், ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளத்துக்கு அது பொருட்டே இல்லை. சுவரில் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். பக்கத்திலேயே ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு போடுங்கள். பாத்திரத்தில் குறைவது காற்றில் போவது. தரையில் அதைவிட அதிகம் குறைந்தால், துணி அடைப்பு நன்றாக இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது சரி என்றால் மிச்சம் தரைக்குள் இறங்குகிறது.

ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். இரண்டை ஒரே நாளில் செய்தால் எது காரணம் என்று மறுபடியும் குடும்பத்தில் வாக்குவாதம்தான்.

என் ஊகத்தைச் சொல்லவா? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தரையும் ட்ராப்பும் சேரும் விளிம்பின் மீதுதான் எனக்குச் சந்தேகம். நீர்க்காப்புப் பூச்சு ஒரு கோட் போதாது. முதல் கோட் காய்ந்ததும் இரண்டாவதைக் குறுக்காக அடிக்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் வலைப்பட்டை வைத்துப் பூச வேண்டும். சுவரில் குறைந்தது 150 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும், ஷவர் விழும் இடத்தில் ஆள் உயரத்துக்கு. ட்ராப்பின் வாய்க்குள்ளும் மடித்து இறக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு, இப்போது நான் சொன்ன அதே தண்ணீர் தேக்கும் சோதனையைச் செய்ய வேண்டும். விதிப் புத்தகங்களில் இது இருக்கிறது. ஆனால் யாருக்காக எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. குடியிருக்கும் வீட்டுக் குளியலறைக்குள் வந்து யார் சரிபார்க்கப் போகிறார்கள்? வாங்குகிறவர்கள் கையில் வருவது பூச்சு டப்பாவின் முதுகில் எறும்பு எழுத்தில் அச்சடித்த நாலு வரி. கடையில் டைல்ஸ் வழவழவென்று அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதற்கு அடியில் என்ன வர வேண்டும் என்று காட்டும் ஒரு மாதிரிப் பலகைகூட இல்லை. இந்த லட்சணத்தில் ஒரு குடும்பம் தானாக வேலை செய்து தப்பு செய்தால் நான் குடும்பத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது பாட்டில். தரையில் தண்ணீரைத் தாங்குவது டைல்ஸ் என்று எல்லோரும் நினைக்கிறோம். டைல்ஸ் மிதிபடுவதற்கான மேல்தோல், அவ்வளவுதான். நடுவில் உள்ள சிமென்ட் கிரவுட் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை உறிஞ்சத்தான் செய்யும், அது அதன் இயல்பு. தண்ணீரைத் தடுப்பது அடியில் இருக்கும் பூச்சு. பாட்டிலில் வரும் திரவம் கிரவுட்டின் நுண்துளைகளுக்குள் போய் உறிஞ்சுவதைக் குறைக்கும். அதுவரை பொய்யில்லை. ஆனால் ட்ராப் விளிம்பில் ஒரு முடி அளவு இடைவெளி இருந்தால்கூட அதை நிரப்பாது. குழாய் ஒழுகினால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடைக்காரர் இதைத் தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்பது உங்கள் யூகத்துக்கு. ஊற்றிய முதல் வாரம் ஈரம் குறைந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் மருந்து காயட்டும் என்று நீங்கள் அங்கே குளிக்கவே மாட்டீர்கள்! மருந்து வேலை செய்கிறது என்று நாலு பேரிடம் சொல்வீர்கள். அப்படித்தான் அந்த வியாபாரம் நடக்கிறது.

இலவசப் பரிசோதனைக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர் ஊசி வைத்த ஒரு ஈரமானியைச் சுவரில் குத்துவார், சிவப்பு விளக்கு எரியும். சிமென்ட் சுவரில் உப்பு படிந்திருந்தால் காய்ந்த பிறகும் அந்தக் கருவி ஈரம் என்றுதான் காட்டும். ஈரம் நிஜமாகவே இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இன்னொருவர் வெப்பக் கேமரா கொண்டுவந்து நீலத் திட்டுகளைக் காட்டுவார். அது பார்ப்பது மேற்பரப்பின் சூட்டு வித்தியாசத்தை, தண்ணீரை அல்ல. இவை உபயோகமான கருவிகள்தான், விற்பனைக்காரர் கையில் இருப்பதுதான் சங்கடம். தளத்தில் துளை போட்டு ஊசி மாதிரி ரசாயனம் ஏற்றும் நிறுவனத்தின் ஆள் வந்தால் உங்கள் கூரைக்கு ஊசிதான் தேவைப்படும். முழுத் தரையையும் மாற்றும் ஆள் வந்தால் முழுத் தரையும் போய்விட்டது என்பார். 10 வருட உத்தரவாதம் என்று ஒரு சீட்டு நீட்டினால் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் மூலப்பொருளுக்கு மட்டும்தான் பொறுப்பேற்றிருப்பார்கள். டைல்ஸை உடைத்து மறுபடி ஒட்டும் கூலி உங்கள் தலையில். நீங்கள் அடித்த பூச்சின் டப்பாவிலும் பயிற்சி பெற்றவர் பூசினால்தான் செல்லும் என்று ஒரு வரி இருக்க வாய்ப்புண்டு. வீட்டிலேயே எளிதாகப் பூசலாம் என்று முன்பக்கத்தில் போட்டுவிட்டு!

சோதனை முடிந்ததும் என்ன செய்வது என்பது சிக்கலே இல்லை. மிக்சர் குழாய் என்றால் அந்தச் சுவரின் மறுபக்கம் எந்த அறை என்று பாருங்கள். பின்பக்கமாகச் சுவரைத் திறந்தால் ஒரு டைல்கூடப் போகாது, பூசிப் பெயின்ட் அடித்துவிடலாம். ட்ராப் இணைப்பு என்றால் அதைச் சுற்றி நாலு டைல்ஸ். தரைதான் என்று உறுதியானால் உங்கள் கணவர் சொல்வது சரி: முழுத் தரையையும், சுவரின் கீழ் வரிசையையும் எடுத்தாக வேண்டும். கீழ் வரிசையை விட்டுவிட்டுத் தரையை மட்டும் எடுத்தால் பூச்சைச் சுவரில் ஏற்ற இடமிருக்காது, மூலையில் மறுபடி ஒழுகும். எடுத்ததே எடுத்தீர்கள், வாட்டத்தையும் சரிபார்த்துவிடுங்கள். ட்ராப்பை நோக்கி மீட்டருக்கு 12 முதல் 17 மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும். டைல்ஸுக்குப் பசை போடும்போது நடுவில் நாலு உருண்டை வைத்து அமுக்காதீர்கள். விளிம்பில் பல் வெட்டிய கரணையால் முழுக்க இழுத்துப் பரப்புங்கள். உருண்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் தண்ணீர்த் தொட்டிதான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சரியாகப் பழுது பார்த்தவர்கள்கூட இதனால் ஏமாந்து, நன்றாக இருந்த தரையை இரண்டாம் முறை உடைத்திருக்கிறார்கள். சில வீடுகளில் குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்வாக இறக்கி வார்த்து, அந்தப் பள்ளத்தில் செங்கல் சில்லோ மணலோ நிரப்பி, அதன் மேல் தரை போட்டிருப்பார்கள். உங்கள் வீடு அப்படியா என்று கீழிருந்து பார்த்தாலே தெரியும்: குளியலறைக்கு நேர் கீழே கூரை மட்டும் தாழ்ந்திருக்கும். அப்படியானால் இந்தப் பத்து நாள் தண்ணீர் அந்த நிரப்பலுக்குள் தேங்கியிருக்கும். ஒரு வாளி நிறைய ஈர மணலை வைத்து அடியில் ஊசித் துளை போட்டால் எப்படி இருக்கும்? மேலே நீங்கள் ஒரு சொட்டுகூட ஊற்றாவிட்டாலும் அது நாள்கணக்கில் சொட்டும். இங்கே வாளி ஒரு அறை அளவு. ஆக, ஓட்டையை அடைத்த பிறகும் வாரக்கணக்கில் ஈரம் இருக்கும், முதல் சில நாள்களில் கோட்டைத் தாண்டி வளரவும் செய்யலாம். பதறாதீர்கள். சோதனைகளுக்கும் இதே கதைதான்: ஒரு நாள் இடைவெளி போதாது, மூன்று நாலு நாள் விடுங்கள். பழுது பார்த்த பின் வாரம் ஒருமுறை கோடு போடுங்கள். வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தால் நல்லது. சுருங்கிய வட்டம், குளித்த மறுநாள் மட்டும் விரிகிறது என்றால்தான் வேலை பாக்கி இருக்கிறது. ஈரம் அடியோடு காயும் வரை கூரைக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், உரிந்துவிடும்.

பிளம்பரைக் கூப்பிட்டால் இது டைல்ஸ் வேலை என்பார், கொத்தனாரைக் கூப்பிட்டால் குழாயைக் காட்டுவார். சோதனை நடந்த நாள்களையும் கோட்டின் படத்தையும் போனில் எடுத்து வைத்திருந்தால் அந்தப் பந்து விளையாட்டு உங்களிடம் நடக்காது.

மறுபடி ஒட்டுவதாக இருந்தால் அவசரம் வேண்டாம். பூச்சின் இரண்டு கோட்டும் காய டப்பாவில் சொன்ன நேரம், தண்ணீர் தேக்க ஒரு நாள், பசை பிடிக்க ஒரு நாள், கிரவுட் இறுக இரண்டு மூன்று நாள். மூலைகளில் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான் போடுங்கள், அங்கே சுவரும் தரையும் தனித்தனியாக அசையும் என்பதால் கிரவுட் வெடித்துவிடும். சிலிக்கான் போட்ட அன்று குளியலறையைப் பூட்டி, சாவியை மாமனார் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.