கேரேஜ் தரை சாய்வாக இருந்தால் இறக்கை கோணலாகுமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். பாகங்களை வாங்கி வீட்டிலேயே கட்டும் வான்ஸ் ஆர்வி-7 விமானத்தின் வால் பகுதியை முடித்துவிட்டேன், அடுத்து இறக்கை கிட் (பாகத் தொகுப்பு) வருகிறது. என்னுடையது இரண்டு கார் நிற்கும் கேரேஜ். தரை கதவுப் பக்கம் சாய்கிறது. இதில் நேரான இறக்கை கட்ட முடியுமா? ஒரே ஆளாகச் செய்யலாமா?

பதில்: தரையை மறந்துவிடுங்கள். தண்ணீர் வடிவதற்காகப் பெரும்பாலான கேரேஜ்களில் அந்தச் சாய்வை வேண்டுமென்றே விடுவார்கள். ஆர்வி-7-இன் தகடுகளிலும் ரிப்களிலும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) ஓட்டைகள் தொழிற்சாலையிலேயே போடப்பட்டு வருகின்றன. ஓட்டையோடு ஓட்டை சேர்ந்தால் வடிவம் தானாக வந்துவிடும். இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைப்பதுதான் உங்கள் வேலை.

அதற்கு இரண்டு மரத்தூண் போதும். தரையிலும் கூரைச் சட்டத்திலும் ஆடாமல் பொருத்துங்கள். மெயின் ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மை உத்தரம்) மேலே, பின் ஸ்பார் (பின்விளிம்பை ஒட்டிய சிறிய உத்தரம்) கீழே வரும்படி இறக்கையை நிறுத்தி, மெயின் ஸ்பாரை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். நடுவில் தொய்வு இருக்கிறதா என்று ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பார்த்து, இருந்தால் கீழிருந்து முட்டுக் கொடுங்கள்.

அப்புறம் நம் ஊர்க் கொத்தனார் வேலை. மெயின் ஸ்பாரின் இரு முனைகளிலும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் பின் ஸ்பாருக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இந்த இறக்கை அடி முதல் நுனி வரை ஒரே அகலம், திட்டமிட்டு வைத்த முறுக்கும் இல்லை. அதனால் இரண்டு அளவும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். குண்டு ஆடிக்கொண்டே இருந்தால் ஒரு குவளைத் தண்ணீரில் முக்கி வையுங்கள். தகடுகள் கிளீகோவில் (ஓட்டைகளில் செருகும் தற்காலிகப் பிடிப்பான்) நிற்கும்போதே இதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ரிவெட் அடித்து மூடிய இறக்கையில் முறுக்கை எடுக்க முடியாது.

ஒரே ஆள் என்றால், ரிப் சீவுவது, ஓட்டைப் பிசிறு எடுப்பது, டிம்பிள் போடுவது (ரிவெட் தலை சமமாக உட்கார ஓட்டையைச் சுற்றிக் குழிப்பது) எல்லாம் தனியாகவே முடியும். தகடுகளுக்கு ரிவெட் அடிக்கும் நாட்களில் மட்டும் துணைக்கு ஒருவர் வேண்டும்: ஒருவர் ரிவெட் கன் பிடிக்க, இன்னொருவர் உள்ளே பக்கிங் பாரை (ரிவெட்டின் மறுமுனையில் அண்டக்கொடுக்கும் இரும்புக் கட்டி) பிடிக்க. அடித்த ரிவெட்டின் உள்தலை (நசுங்கிய மறுமுனை) தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருந்தால் சரி. கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது என்று உடனே துளைத்து எடுக்காதீர்கள். எடுக்கும்போது ஓட்டை பெரிதாகி, சுமாரான ரிவெட்டின் இடத்தில் அதைவிட மோசமான ஒன்று வந்து உட்காரும்.

என்னைக் கேட்டால் நீங்கள் பயப்பட வேண்டியது எரிபொருள் டாங்கிக்குத்தான். பக்கத்துக்கு 21 கேலன், இறக்கை முன்விளிம்பின் அடிப்பகுதியே டாங்கி. அதை அடைக்கும் சீலன்ட் கருப்பாக, நாற்றமாக, தொட்டதில் எல்லாம் ஒட்டும். கேரேஜ் சூடாக இருந்தால் சீக்கிரம் இறுகிவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கசிவு பார்க்கும்போது கம்ப்ரஸரை நேராக மாட்டவே கூடாது. ஒரு பலூனைக் கட்டி லேசாகக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். காலையில் பலூன் சுருங்கிக் கிடந்தால் பதற வேண்டாம், இரவுக் குளிருக்கே அது சுருங்கும். குமிழி வருகிறதா என்பதுதான் கணக்கு.

ஒவ்வொரு கட்டத்தையும் நீங்கள் வேலை செய்வது தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பெரும்பகுதியைக் கட்டியது அமெச்சூர்கள்தான் என்று எஃப்ஏஏ-வுக்கு (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) காட்ட வேண்டும். இஏஏ-வின் (சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் சங்கம்) தொழில்நுட்ப ஆலோசகர்கள் காசு வாங்காமல் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். அடித்தகட்டை மூடுவதற்கு முன் கூப்பிடுங்கள், மூடிய பிறகு வந்தால் அவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.