மருந்துக்காகக் காணியை விற்கலாமா?

கேள்வி: என் மனைவிக்கு 42 வயது. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்தன. இனி ஓராண்டுக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிராஸ்டுசுமாப் ஊசி ஏற்ற வேண்டும். இரண்டு தவணைக்குப் பின், கையிருப்பு இல்லை, வெளியில் வாங்கி வாருங்கள் என்கிறார்கள். தாலிக்கொடி அடகில் இருக்கிறது. மிஞ்சியிருப்பது அவளுடைய சீதனக் காணி இரண்டு பரப்பு. சென்னையிலிருந்து பாதி விலைக்குக் கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். காணியை விற்கவா? அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
- வாசகர், வடமராட்சி

அன்புள்ள சகோதரருக்கு,

காணியை இப்போதைக்கு விற்க வேண்டாம். அந்தச் சென்னைக் குப்பியை எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம். இந்த மருந்து, ஏற்றுவதற்குத் தயாரிக்கும்வரை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. சென்ற மாதம் நான் மருந்தேற்றும் இடத்துக்கு ஒரு தாயார் சாப்பாட்டுப் பெட்டியில் ஐஸ்கட்டிக்கு நடுவே வைத்துக் குப்பி கொண்டுவந்தார். ஐஸ் கரைந்து, லேபிள் ஊறி, காலாவதித் திகதியைக்கூட வாசிக்க முடியவில்லை. அதற்காக அவர் கறவைப் பசுவை விற்றிருந்தார். அந்த மருந்தை நான் ஏற்றவில்லை. ஏற்ற மாட்டேன் என்று அவரிடம் சொன்ன நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த நிலை உங்கள் கையாலாகாமையால் வந்ததல்ல. 2022 தொடங்கும்போது 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என இலங்கை அரசே அறிவித்தது. மருந்தில் பெரும்பங்கை இறக்குமதி செய்யும் நாட்டில் அதன் சுமை நோயாளியின் தலையில்தான் விழும்.

அடுத்த கிளினிக்கில் உங்கள் புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் நேரம் கேட்டு, உட்கார்ந்து பேசுங்கள். மகரகம, கண்டி, மட்டக்களப்பு என மற்ற வைத்தியசாலைகளில் சில குப்பிகளேனும் உண்டா என்று அவர் விசாரித்துத் தர முடியும். ஒரு தவணை பிந்தியதால் சிகிச்சை முழுவதும் வீணாகிவிடாது. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் பிந்தினால், உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவுக்குப் பதிலாக, பொதுவாக முதல் தவணையின் 8 மில்லிகிராமை மீண்டும் ஏற்றியே தொடர்வார்கள். பிந்தினால் செலவும் கூடும். ஆகவே, கடன் வாங்கி ஒரு குப்பி, பிறகு இடைவெளி, பிறகு இன்னொரு குப்பி என்று போவதுதான் எல்லாவற்றிலும் வீண்செலவு. மனைவியின் எடை 60 கிலோ என்றால் தவணைக்கு 360 மில்லிகிராம் போதும். 440 மில்லிகிராம் குப்பியில் 80 மிஞ்சும். அக்குப்பியுடன் வரும் கரைநீரில் கரைத்திருந்தால், குளிரில் 28 நாள்வரை அதைப் பயன்படுத்தலாம். இன்னொரு நோயாளிக்கும் அதே நாளில் தவணை அமைத்துக் குப்பியைப் பகிர முடியுமா என்றும் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியையும் தயங்காமல் கேளுங்கள்: ஆறு மாதம் போதுமா? 2019இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 4,088 பெண்களிடையே ஆறு மாதம் ஏற்றியவர்கள் ஓராண்டு ஏற்றியவர்களைவிடப் பெரிதாகப் பின்தங்கவில்லை. முந்திய பிரெஞ்சு ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. எனவே ஓராண்டே வழக்கம். ஆனாலும் மருந்தே அரிதாகியுள்ள வேளையில், உங்கள் மனைவியின் நோய்நிலையைப் பார்த்து வைத்தியர் எடைபோட வேண்டிய நியாயமான கேள்வி இது.

பணத்துக்கு, ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பியுங்கள். வைத்திய அறிக்கை, செலவு மதிப்பீடு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றை இப்போதே திரட்டத் தொடங்குங்கள். உதவி கிடைக்க நாளாகும். அதற்காகவே முந்த வேண்டும்.

கடைசியாக, மனைவியிடம் சொல்லுங்கள். உடல் அவருடையது, சீதன உறுதியில் இருக்கும் பெயரும் அவருடையது. எல்லா வழியும் பார்த்தபின் காணியை விற்கத்தான் வேண்டுமென்றாலும், முழுத் தவணைகளுக்குமான கணக்கைப் பார்த்து, சம்மதித்துக் கையொப்பமிட வேண்டியவர் அவர்தான்.