கடலூரில் இருந்துகொண்டு பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள முடியுமா? எதை வாங்குவது, எங்கே வாசிப்பது?

கல்லூரி இரண்டாம் ஆண்டு, வீடு திருப்பாதிரிப்புலியூர், கையில் 25,000 ரூபாய், இதுவரை எந்த வாத்தியமும் வாசித்ததில்லை. எந்த பேஸ் வாங்கலாம், நாலு கம்பியா அஞ்சு கம்பியா, ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) கட்டாயமா, நம்ம பக்கம் வாசிக்க இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மஞ்சக்குப்பத்துக்காரன். பதினாலு வருடமாகக் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, புதுச்சேரி என்று கல்யாண மண்டபங்களிலும் திருவிழா மேடைகளிலும் பேஸ் வாசித்து வருகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுக்கிறேன். சாதாரண கிட்டார் வாங்கியவர் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே வாசித்தால் வீட்டில் நாலு பேர் வந்து நின்று கேட்பார்கள். பாட்டின் அடிச்சுரங்களை மட்டும் வாசிக்கிற பேஸ் வாங்கியவருக்கு அது கிடைக்காது. தவிலில் தொப்பிப் பக்கத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? தனியாக வாசிக்கும் பேஸும் அப்படித்தான். நான் பார்த்தவரை ஆசையாக வாங்கி, ஆறே மாதத்தில் விற்றவர்கள் யாரும் விரல் வலிக்கிறது என்று விற்கவில்லை. கூட வாசிக்க ஆள் கிடைக்காமல்தான் விற்றார்கள். அதனால் பேஸ் வாங்குவதற்கு முன்பே தாளம் வாசிக்கிற ஒரு ஆளைப் பிடித்து வையுங்கள். ட்ரம்ஸ், ரிதம் பேட், தபேலா, டோலக் எதுவானாலும் சரி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இதை நான் நெல்லிக்குப்பத்தில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் கற்றுக்கொண்டேன். எனக்கு அது மூன்றாவது மேடை. வீட்டில் பயிற்சி செய்ததை எல்லாம் ஒரே பாட்டில் வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்ற வேகம். இடைவேளையில் டோலக் வாசித்த அண்ணன் டீ கிளாஸோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, நீ கீபோர்டு பின்னாடியே ஓடுற. என் இடது கையப் பாத்தியா ஒரு தடவையாவது?" என்றார். நான் பார்க்கவில்லை. "அடுத்த பாட்டு முழுக்க அதை மட்டும் பாரு. அது விழும்போது நீ விழு. மத்த நேரம் சும்மா இரு." அப்படியே செய்தேன். முந்தைய பாட்டுகளில் வாசித்ததில் பாதிச் சுரம்கூட நான் வாசிக்கவில்லை. ஆனால் முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். டோலக்கின் அடிச்சத்தமும் பேஸின் சுரமும் ஒரே நொடியில் விழுந்தால் கேட்பவர் காதுக்கு இரண்டும் ஒரே வாத்தியமாகிவிடும். இரண்டும் கொஞ்சம் விலகினாலும் மேடையே தளர்ந்துபோகும். அன்றைக்கு உடம்பால் உணர்ந்ததை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

நம் பக்கத்தில் அப்படிப்பட்ட ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? மெல்லிசைக் குழுக்களில் இருக்கிறார்கள். இப்போது பல குழுக்கள் செலவைக் குறைக்க பேஸ் கிட்டார் இல்லாமலேயே ஓட்டுகின்றன. கீபோர்டுக்காரர் இடது கையில் பேஸைச் சமாளித்துவிடுவார். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அவருக்கே அது சுமை. ஒத்திகைக்கு வந்து ஓரமாக நின்று நாலு பாட்டு வாசிக்கட்டுமா என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்க வேண்டியது ஒத்திகையில். மேடை ஏறப்போகிற நேரத்தில் போய்க் கேட்காதீர்கள்.

இன்னொரு நல்ல இடம் தேவாலயப் பாடகர் குழு. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஞாயிறுதோறும் கீபோர்டும் பேடும் வைத்துப் பாடும் குழுக்கள் இருக்கின்றன. வாரம் தவறாமல் ஒத்திகை, ஒரே மாதிரியான கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்), மெதுவான வேகம், தப்பு செய்தால் பொறுத்துக்கொள்ளும் மனிதர்கள். ஆரம்பிப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

கேட்பதற்கு என்றால் பஸ் ஏறிப் புதுச்சேரி போய்விடுங்கள். பிரான்சில் 1982-இல் ஆரம்பித்த ஜூன் 21 இசைத் திருநாளை அங்கே பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலையன்ஸ் ஃபிரான்சேஸ் கொண்டாடுகிறது. ஆரோவில் கலாபூமியில் உள்ள கிரிபா அரங்கிலும் நிகழ்ச்சிகள் நடக்கும். போனால் பாடகரைப் பார்க்காதீர்கள். பேஸ் வாசிப்பவருக்கு நேர் எதிரில் நின்று, அவர் எப்போது வாசிக்காமல் இருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

மெல்லிசை மேடைக்குப் போனதும் முதல் நாளே உங்களைத் திணற அடிக்கப்போவது ஒன்று உண்டு, பாட்டின் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கு. பாடுபவர் திரும்பிப் பார்த்து "அஞ்சரைக் கட்டை" என்பார். அவர் சொல்வது ஜி ஷார்ப். ஒரு கட்டை என்றால் சி, ரெண்டு டி, மூணு இ, நாலு எஃப், அஞ்சு ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரைக் கட்டைகள் எல்லாம் கீபோர்டில் நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள். இதை உங்கள் கம்பியில் இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட், நாலு கம்பிகளில் தடித்தது இ, அடுத்தது ஏ. ஒரு கட்டை ஏ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில், ரெண்டு கட்டை அதே கம்பியின் ஐந்தாவதில், நாலு கட்டை இ கம்பியின் முதல் ஃப்ரெட்டில், அஞ்சரை நான்காவதில்.

இங்கே பேஸ் உங்களுக்கு ஒரு பெரிய சலுகை தருகிறது. நாலு கம்பிகளும் இ, ஏ, டி, ஜி என்று ஒரே இடைவெளியில் சுருதி சேர்க்கப்படுகின்றன. ஒரு கம்பியை ஸட்ஜமமாக வைத்தால் அடுத்த கம்பி அதற்குச் சுத்த மத்யமம். அடுத்தடுத்த எந்த இரண்டு கம்பிக்கும் இதே உறவுதான். ஆறு கம்பி கிட்டாரில் ஜி கம்பிக்கும் பி கம்பிக்கும் நடுவே இந்த ஒழுங்கு உடைந்துவிடும், பேஸில் உடையாது. ஒரு பாட்டின் அமைப்பை விரலில் ஏற்றிவிட்டால், பாடகர் அரைக் கட்டை ஏற்றச் சொன்னாலும் ஒரு ஃப்ரெட் தள்ளி அதே விரல்களை வைத்தால் முடிந்தது. இதற்காகத்தான் ஆரம்பத்தில் திறந்த கம்பிகளை அதிகம் நம்ப வேண்டாம் என்கிறேன். போனில் ஒரு தம்புரா செயலியை ஓடவிட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு கட்டையில் ச, ப, மேல் ச மட்டும் வாசியுங்கள். பத்து நாளில் காது திறக்கும்.

இனி வாங்குவது. நாலு கம்பி போதும். அஞ்சாவது கம்பியின் தேவை பிறகு வந்தால் அப்போது பார்க்கலாம், இப்போது கழுத்து அகலமாகிக் கைதான் தடுமாறும்.

1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அதற்கு முன் பெரிய டபுள் பேஸில் ஃப்ரெட் கிடையாது, இடம் தேடித்தான் அழுத்த வேண்டும். ஃப்ரெட் இருந்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது, பெயரும் அதிலிருந்து வந்தது. 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. இன்று கடையில் இருக்கும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் பிள்ளைகள், அல்லது இரண்டின் பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தம்) சேர்த்து வைத்தவை. உங்கள் பணத்துக்கு இபனெஸ் ஜிஎஸ்ஆர் வரிசை, யமஹா டிஆர்பிஎக்ஸ் வரிசையின் ஆரம்ப மாடல், கோர்ட் ஆக்‌ஷன், ஸ்குவையரின் ஆரம்ப விலை பிரிசிஷன் ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றில் எதை எடுத்தாலும் மூன்று வருடத்துக்குக் குறையில்லை. எனக்கு மேடையில் பிடித்தது பிரிசிஷன் வகைதான். குமிழைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, டோலக்கும் பேடும் சேர்ந்து முழங்கும்போதும் அதன் சத்தம் அமுங்காது. பேட்டரி போடும் ஆக்டிவ் வகை வாங்கினால் வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே வைத்தால் ஒன்பது வோல்ட் பேட்டரி தீர்ந்து, மேடையில் நடுப்பாட்டில் சத்தம் நின்றுவிடும்.

முடிந்தால் நேரில் போய் வாங்குங்கள். சென்னை அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கப்பட்ட மியூசி மியூசிகல் இருக்கிறது. ஒரு நாள் செலவழித்து மூன்று நான்கு பேஸ்களைத் தோளில் மாட்டிப் பாருங்கள். முழு அளவு பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம், எடை நாலு கிலோ அளவுக்கு வரும். இரண்டு மணி நேரம் நின்று வாசிக்கப்போகிற தோள் உங்களுடையது. கை சிறியதாக இருந்தால் 30 அங்குல பேஸும் உண்டு. வாங்குகிற இடத்திலேயே செட்டப் (கம்பியின் உயரத்தையும் கழுத்தின் வளைவையும் சரிசெய்வது) செய்து தரச் சொல்லுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் ஆரம்பக் கைக்கு இதமாக இருக்கும். மோசமான செட்டப்பை அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வலித்தால் தனக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல பேர் அப்படி நினைத்துப் பாதியில் விட்டதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பழைய பேஸ் வாங்குவதும் நல்ல வழிதான், பார்த்து வாங்கினால். என் முதல் பேஸ் ஒருவரிடம் 9,000 ரூபாய்க்கு வாங்கியது. பளபளப்பைப் பார்த்தேன், நெக்கை, அதாவது கழுத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நெக் திருகியிருப்பது தெரிந்தது. வளைந்த நெக்கை உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடு என்ற உலோகக் கம்பியைத் திருப்பிச் சரிசெய்யலாம், திருகிய நெக்குக்கு அந்த வைத்தியம் பலிக்காது. பேஸின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கியால் குறிபார்ப்பதுபோல நெக் வழியாகப் பாருங்கள். இரண்டு ஓரங்களும் ஒன்றுக்கொன்று இணையாகப் போக வேண்டும். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசியுங்கள், எங்காவது சுரம் செத்துப்போகிறதா என்று. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழும் நாதமும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். விற்பவர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆம்ப் உடனே வேண்டாம். ஹெட்ஃபோனில் கேட்க வசதியுள்ள சின்னக் கருவி ஒன்று, நல்ல கேபிள், தோளில் மாட்டக் கொஞ்சம் அகலமான பட்டை, ட்யூனர், இவ்வளவு போதும். நண்பரின் கிட்டார் ஆம்பில் செருகி முழுச் சத்தம் வைக்காதீர்கள். பேஸின் இ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, அந்த ஆம்பின் ஸ்பீக்கர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை, கிழிந்துவிடலாம். மேடையில் பெரும்பாலும் டிஐ பாக்ஸ் (பேஸை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக மைக் செட்காரரின் மிக்சருக்குத்தான் போவீர்கள்.

அந்த மைக் செட் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கிராமத்துத் திருவிழாக்களில் ஜெனரேட்டரில் எர்த் சரியாகப் போட்டிருக்க மாட்டார்கள். பேஸ் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு படும்போது சுருக்கென்று இருந்தால், அதைச் சகித்துக்கொண்டு வாசிக்காதீர்கள். உடனே கேபிளைக் கழற்றச் சொல்லி, எர்த்தைச் சரிபார்க்கும்வரை தொடாதீர்கள். கச்சேரி பத்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் ஆகாது. வீட்டிலும் மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கம் வேண்டாம்.

பாட்டு கேட்பதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். போன் ஸ்பீக்கர் அந்த அடிச்சுரங்களை எழுப்பாது, அதில் பேஸ் கேட்டுக் கற்க முடியாது. ஹெட்ஃபோன் மாட்டி எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளைக் கேளுங்கள். பாடகருக்கு ஒரு மெட்டு, பேஸுக்குத் தனியாக இன்னொரு மெட்டு, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகும். அவருடைய பல பதிவுகளில் பேஸ் வாசித்தவர் சசிதரன். ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸைத் தேடிக் கேளுங்கள். பாடகராக நமக்குத் தெரிந்த ஆலாப் ராஜுவும் பேஸ் வாசிப்பவர்தான். ஒரு பாட்டை எடுத்தால் முதல் நாள் பேஸை வாயால் பாடுங்கள். பாட வந்த பிறகு கையில் தேடுங்கள்.

கடைசியாக நம் ஊர்க் காற்று. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம், உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் காய்ந்த பருத்தித் துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, உறைக்குள் வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் அதற்குள் போடுங்கள். கம்பிக்கோ மரத்துக்கோ தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், சிக்குப்பிடித்துக் காறல் வாடை வரும். மேல்பூச்சு உள்ள கம்பிகள் விலை கூட, ஆனால் கடலோரத்தில் அந்தப் பணம் வீணாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நெக்கின் வளைவு மாறி, கம்பி திடீரென்று உயரமாகவோ கரகரப்பாகவோ தோன்றும். பேஸ் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் திருப்பத்துக்கு மேல் திருப்பாமல், ஒரு நாள் விட்டுப் பாருங்கள். முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.