டிக்கியை இழுத்து மூடும் மோட்டார்: துண்டிக்கலாம், ஆனால் கொண்டியை இறக்கிவிட்டு

கேட்டிருப்பது இதுதான்: பழைய கார், டிக்கியை மெதுவாகச் சாத்தினால் மீதியை மோட்டார் இழுத்து மூடும், இப்போது இழுப்பதில்லை. சரி செய்வதா, இல்லை இணைப்பைத் துண்டித்துவிடுவதா?

துண்டித்துவிடலாம். என் வண்டியில் துண்டித்து மூன்று வருடம் ஆகிறது, டிக்கி நன்றாகவே மூடுகிறது. ஆனால் எந்த நிலையில் வைத்துத் துண்டிக்கிறீர்கள் என்பது முக்கியம். நீங்கள் இந்நேரம் ஃபியூஸைப் பிடுங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிடுங்கியிருந்தால் முதலில் அதைத் திரும்பப் போடுங்கள்.

நான் இருப்பது அமெரிக்காவில், டெட்ராய்ட் பக்கம். வண்டி 1990-களின் நடுவில் வந்த பெரிய அமெரிக்க செடான். பெயர் வேண்டாம், ஒரு கம்பெனியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேடிலாக், லிங்கன் என்று அந்தக் காலத்துச் சொகுசு வண்டிகளில் இந்த வசதி உண்டு. 1991-ல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் கதவுகளையே பம்ப் வைத்து இழுத்து மூடினார்கள். அது வேறு ஏற்பாடு. நான் சொல்வது மோட்டாரும் திருகும் உள்ள வகைக்கு மட்டும்தான், "என் வண்டியில் அப்படி இல்லையே" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இதில் பூட்டு மூடியில் இருக்கும். அதற்கு நேர் கீழே, வண்டியின் உடம்பில் ஓர் இரும்புக் கொண்டி. டிக்கி திறந்திருக்கும்போது கொண்டி ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலே எழும்பி நிற்கும். மூடியை இறக்கினால் பூட்டு கொண்டியைக் கவ்வும், ஒரு சின்ன சுவிட்ச் வேலை செய்யும், மோட்டார் திருகைச் சுற்றிக் கொண்டியோடு மூடியையும் கீழே இழுக்கும். ரப்பர் பீடிங் நசுங்கி மூடி உடம்போடு படிந்ததும் மோட்டார் நின்றுவிடும். சாவி போடாவிட்டாலும் இதற்குக் கரண்ட் உண்டு. விரல் மாட்டினால் நிறுத்தத் தெரியாத பழைய மோட்டார் இது, கையைத் தள்ளியே வையுங்கள்.

எனக்கு இது முதலில் நின்றது ஒரு ஜனவரியில். ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டிக்கியைத் திறந்து உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், "மோட்டார் போச்சு, 600 டாலர் ஆகும்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து டிக்கியின் பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தால், எர்த் ஒயரை முடுக்கியிருந்த ஸ்க்ரூவைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. இங்கே பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த ஊர் உப்பு வண்டியை விடுமா? உப்புத்தாளால் ஸ்க்ரூவையும் தகட்டையும் பளபளவென்று தேய்த்து, காய்ந்து பிசினாகிப் போயிருந்த பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புது வெள்ளை கிரீஸ் வைத்தேன். "ர்ர்ர்" என்று இழுத்து மூடியது. செலவு ஒரு டியூப் கிரீஸ். 600 டாலர் கேட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அதனால் நீங்களும் முதலில் எர்த்தைப் பாருங்கள். அடுத்து, மூடியின் கீல் பக்கம் ஒயர் வளைந்து போகும் இடம். பல வருடம் திறந்து மூடி அங்கே உறைக்குள்ளேயே கம்பி அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மூடியை அசைக்கும்போது நம்பர் பிளேட் லைட் மினுக்கினால் கோளாறு அங்கேதான். மோட்டார் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப் வைத்துக் கரண்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது தடவை கதை வேறு. அப்பா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். பம்ப் பட்டறையில் 30 வருடத்துக்கு மேல் லேத் ஓட்டியவர். கடையிலிருந்து அரிசி மூட்டையை ஏற்றிவிட்டு, ஊரில் அம்பாசடர் டிக்கியைச் சாத்துவது போல ஓங்கிச் சாத்தினார். "மெதுவா வெச்சாப் போதுங்கப்பா, அதுவே மூடிக்கும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். மோட்டார் சுற்றுகிறது, கொண்டி அசையவில்லை. வேலை செய்யும் நிலையில் இந்த டிக்கியை அறையவே கூடாது. கொண்டி மேலே நிற்கும்போது விழும் அடி முழுவதும் திருகிலும் கியரிலும்தான் இறங்கும்.

அன்றைக்குத்தான் நான் ஃபியூஸைப் பிடுங்கினேன். அதே ஃபியூஸில்தான் உள் லைட்டும் கதவு லாக்கும் ஓடின, எல்லாம் சேர்ந்து செத்தது. கொண்டி மேலேயே நின்றுவிட்டதால் மூடி பூட்டியிருந்தும் ஓர் அங்குல இடைவெளி. இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். மழையில் டிக்கி கார்பெட் ஊறியது. அதைவிட மோசம், பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா தலை வலிக்கிறது, புகை வாடை வருகிறது என்றார். டிக்கி சரியாக மூடாத வண்டியில் சைலன்சர் புகை உள்ளே ஏறும், அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. தயவு செய்து கொண்டி மேலே நிற்கும் நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

சனிக்கிழமை அப்பாவும் நானும் அதைக் கழற்றினோம். நாலு போல்ட், ஒரு கனெக்டர். கவரைத் திறந்தால் கிரீஸுக்குள் நைலான் கியரின் பற்கள் அரிசி நொய் மாதிரி உதிர்ந்து கிடந்தன. அப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஊராயிருந்தா பித்தளையில ஒண்ணு கடைஞ்சிருப்பேன் சாமி" என்றார். உடனே அவரே, "வேண்டாம், இது பல்லு உதுந்ததாலதான் மோட்டாராச்சும் தப்பிச்சுது" என்றும் சொன்னார். பித்தளை கியர் போடுகிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய யூனிட் ஒன்றை வாங்கிப் போட்டால் அதன் கியரும் அதே வயசுதான். அதனால் துண்டிப்பது என்று முடிவு செய்தோம். திருகைக் கையால் சுற்றிக் கொண்டியை அடிமட்டத்துக்கு இறக்கினார் அப்பா. உங்கள் மோட்டாருக்கு உயிர் இருந்தால் கழற்றக்கூட வேண்டாம். டிக்கி திறந்திருக்கும்போதே, பூட்டு கவ்வும்போது வேலை செய்யும் அந்தச் சின்ன சுவிட்சை ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள், கொண்டி இறங்கிவிடும். சுவிட்சும் போயிருந்தால் கனெக்டரைக் கழற்றி, மோட்டாரின் இரண்டு முனைக்கும் ஃபியூஸ் வைத்த ஒயரால் 12 வோல்ட் கொடுங்கள். மேலே ஏறினால் ஒயரை மாற்றிப் பிடித்தால் கீழே இறங்கும். இறங்கியதும் மோட்டார் கனெக்டரை மட்டும் பிரித்து டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஃபியூஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அப்புறம் யூனிட்டின் போல்ட்டைத் தளர்த்தி, சாதாரண டிக்கி போல ஓர் அழுத்தில் பூட்டு கவ்வும் அளவுக்கு உயரத்தைச் சரி பார்த்து இறுக்குங்கள். எங்களுக்கு அரை நாள் பிடித்தது.

இருட்டில் பூட்டு கவ்வுவதைப் பார்க்க ஆளை, அதிலும் பிள்ளைகளை, டார்ச்சோடு உள்ளே படுக்க வைக்கும் யோசனையை ஒருவர் எனக்குச் சொன்னார். செய்யவே செய்யாதீர்கள். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி இங்கே கட்டாயமானது 2001 செப்டம்பரிலிருந்து செய்த கார்களில்தான். நம் வண்டிகளில் அது இருக்காது.

ஒரிஜினல் பாகத்தைக் கெடுத்துவிட்டேன் என்று திட்டுகிறவர்களுக்கு: எதையும் வெட்டவில்லை. நாளைக்கே கியர் கிடைத்தால் மாட்டி, கனெக்டரைச் செருகினால் முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பெரிய டிக்கி என்பதால் இந்த ஊரில் யாருடைய அப்பா அம்மா வந்து இறங்கினாலும் ஏர்போர்ட்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். நாலு பெட்டி, இரண்டு அட்டைப் பெட்டி, நடு ராத்திரி, எதற்கும் நான் முகம் சுளித்ததில்லை. டிக்கி உடைந்து கிடந்த வாரம் என் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போக ஒரு மணி நேரம் வண்டி கேட்டேன். மூன்று பேர் "பார்த்துச் சொல்றேன்" என்றார்கள். ஒருவரும் திரும்பிக் கூப்பிடவில்லை. அது இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். கொண்டி இப்போது மேலே நிற்கிறதா, கீழேயா? மூடியைச் சாத்தும்போது மோட்டார் சத்தம் வருகிறதா, வரவே இல்லையா? இந்த இரண்டையும் எழுதுங்கள், எங்கே கை வைப்பது என்று சொல்கிறேன்.