அலமோடோமின் காலி இருக்கைகள்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் ஆஸ்டினில் வசிக்கிறோம். மகன் பள்ளி பேண்டில் மெல்லோபோன் என்ற பித்தளைக் குழல் வாசிக்கிறான். ஜூலையில் சான் அன்டோனியோவின் அலமோடோம் என்ற மூடிய அரங்கில் நடந்த டிரம் கோர் போட்டிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். நிகழ்ச்சிகள் பிரமாதம். ஆனால் மேலடுக்கு முழுவதும் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், "இப்போதெல்லாம் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை, எல்லாம் இணையத்தில் வந்துவிடுகிறது" என்று அலுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் மகனும், "எண்பது மைல் காரில் வந்து பார்ப்பதற்குப் பதில் சந்தா கட்டியிருக்கலாமே அப்பா" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இணைய ஒளிபரப்பு இந்தக் கலையின் கூட்டத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறதா? அடுத்த ஆண்டு நாங்கள் டிக்கெட் வாங்குவதா, சந்தா கட்டுவதா?

அன்புடன்,
ச., ஆஸ்டின்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

அந்தப் பெரியவரின் ஆதங்கம் புரிகிறது. அவர் சொல்லும் காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டிரம் கோர் என்பது அமெரிக்காவில் கோடைதோறும் நடக்கும் அணிவகுப்பு இசை. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது வரையுள்ள இளைஞர்கள் நூற்றைம்பது பேர் அளவில் ஒரு குழுவாகச் சேர்ந்து, பித்தளைக் குழல்களும் தாளக்கருவிகளும் கொடிகளுமாக அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிகழ்த்துவார்கள். பள்ளிகளின் உடற்பயிற்சிக் கூடங்களில் தரையில் படுத்து உறங்கி, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ப் போட்டியிடுவார்கள். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டு. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களில் வெற்றி தோல்வி தீர்மானமாகும். 1971-இல் உருவான டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் இதை நடத்துகிறது. முதல் சாம்பியன் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்தது. 2009 முதல் இறுதிப்போட்டி இண்டியானாபொலிசின் லூகாஸ் ஆயில் அரங்கில் நடக்கிறது.

நீங்கள் பார்த்த காலி இருக்கைகளை முதலில் எடுத்துக்கொள்வோம். டிரம் கோர் நிகழ்ச்சி மைதானத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்தே அமைக்கப்படுகிறது. குழல்கள் அந்தப் பக்கம் திரும்பித்தான் முழங்கும். எதிர்ப்பக்க இருக்கைகளால் பயனில்லை. கோல்கம்பங்களுக்குப் பின்னால் இருப்பவையும் அப்படித்தான். அறுபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கத்தில் இப்படி ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பினால், எவ்வளவு கூட்டம் வந்தாலும் வெறிச்சோடித்தான் தெரியும். அதே கூட்டத்தை ஒரு பள்ளி மைதானத்தில் உட்காரவைத்தால் நிற்க இடம் இருக்காது. ஆகவே மேலடுக்கைப் பார்த்து இந்தக் கலைக்கு ஆயுள் கணிக்க வேண்டாம்.

சரிவு நடந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது இணையத்துக்கு வெகுகாலம் முன்பே நடந்தது. 1960-களில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கோர்கள், அதாவது குழுக்கள், இருந்தன. அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் உள்ளூர்க் கிளைகளும், கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளும், சாரணர் குழுக்களும் அவற்றை நடத்தின. பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் அந்தத் தெருக்காரர்கள். அக்காவும் மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும். போட்டி தேசிய அளவுக்கு வளர வளர, பயணச் செலவும் பயிற்சிச் செலவும் ஏறின. சின்னக் குழுக்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஒரு கோர் கலைந்தால் அதன் தெருவும் கூட்டத்திலிருந்து கலைந்துபோகும். 1970-களிலும் 80-களிலும் நடந்த இந்த இழப்புக்கு எந்தத் திரையும் காரணமில்லை.

தெரு போன பிறகும் இந்தக் கலை எப்படிப் பிழைத்தது? எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். அது பள்ளி பேண்டு அறைகளுக்குள் புகுந்து பிழைத்தது. அங்கே அதைக் கொண்டு சேர்த்தவை ஊடகங்கள்.

முதலில் இசைத்தட்டு. மாசசூசெட்ஸின் ஃப்ளீட்வுட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் டிரம் கோர் போட்டிகளைப் பதிவுசெய்து விற்றது. பிறகு தொலைக்காட்சி. 1970-களின் நடுவிலிருந்து பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். இறுதிப்போட்டியை ஒளிபரப்பத் தொடங்கியது. ஆன்டெனா வைத்திருந்த எந்த வீட்டிலும் அது வந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. வேறு எதையோ பார்க்க உட்கார்ந்த பையன் பல பத்துக் குழல்கள் ஒன்றாக எழும் முழக்கத்தைக் கேட்டு அசந்துபோய் நின்றிருப்பான். அதற்குப் பிறகு வி.சி.ஆர். வந்தது. பேண்டு ஆசிரியர்கள் ஒளிபரப்பை டேப்பில் பதிந்துவைத்து, மழை பெய்து பயிற்சி நின்ற நாட்களில் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த டேப்பை ஒருவன் வீட்டுக்கு வாங்கிப்போவான். தேயும்வரை அது நாலு வீடு சுற்றும். இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். பலரும் யாரோ கொடுத்த ஒரு டேப்பிலிருந்துதான் தொடங்குவார்கள்.

தொலைக்காட்சிக் காலம் முடிந்துபோனது. 2005-இல் போட்டி இ.எஸ்.பி.என்.2 என்ற விளையாட்டு அலைவரிசைக்கு மாறியது, அதுவும் சில ஆண்டுகளில் நின்றது. அதே காலத்தில் திரையரங்குகளில் நேரடியாகக் காட்டும் ஏற்பாடு தொடங்கியது. ஆகஸ்டில் சாம்பியன் வாரத்தின் ஒரு நாள் நிகழ்ச்சியை ஊர் திரையரங்கில் பெரிய திரையில் பார்க்கலாம். எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு. பழைய உறுப்பினர்கள் தங்கள் குழுவின் ஜாக்கெட்டோடு வந்திருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்து, திரையில் தெரியும் குழுவுக்கு மைதானத்தில் இருப்பதுபோலவே எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

இப்போது நடப்பது சந்தாவின் காலம். பருவத்தின் பல போட்டிகளை ஃப்ளோமார்ச்சிங் என்ற இணைய ஒளிபரப்புத் தளம் நேரடியாகத் தருகிறது. ஆண்டுச் சந்தா நூறு டாலரைத் தாண்டும். தீவிர ரசிகருக்கு அது வரப்பிரசாதம் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு குழு ஜூன் இறுதியில் அரைகுறையாகத் தொடங்கி, ஆகஸ்டுக்குள் முடிவுப் பகுதியை மூன்று முறை மாற்றி எழுதுவதை வாரம் வாரமாக அவர் பின்தொடரலாம். உயரத்தில் வைத்த கேமராவில் அணிவகுப்பின் வடிவங்கள் கீழ்வரிசை டிக்கெட்டில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும். இப்படிப் பார்க்கிறவர் அரங்குக்கும் வருகிறவர்தான். சந்தா கட்டியதால் இண்டியானாபொலிஸ் பயணத்தை அவர் கைவிடுவதில்லை.

சிக்கல் அவரிடம் இல்லை. சந்தா கட்டாத பிள்ளையிடம் இருக்கிறது. டேப்பை இரவல் கொடுத்ததுபோலச் சந்தாவை இரவல் கொடுக்க முடியாது. டிரம் கோர் என்ற ஒன்று இருப்பதே தெரியாத ஒன்பதாம் வகுப்பு மாணவி நூறு டாலர் கட்டி உள்ளே வருவாளா? தற்செயலாக எதிர்ப்பட வேண்டிய கலை, தேடி வருகிறவருக்கு மட்டும் திறக்கும் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. இன்று டிக்கெட் வாங்குகிறவர்களின் எண்ணிக்கையில் இது தெரியாது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தெரியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இங்கே உரிமைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு பாடலைத் தழுவி மைதானத்தில் வாசிக்க ஓர் அனுமதி. அதையே காட்சியோடு இணைத்துப் பதிவாக வெளியிட வேறோர் அனுமதி. ஒரே நிகழ்ச்சியில் ஐந்தாறு இசையமைப்பாளர்களின் படைப்புகள் வரும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிப் பணம் கட்ட வேண்டும். மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அனுமதி கிடைக்காத பகுதிகள் டி.வி.டி. வட்டுகளில் ஒலி நீக்கப்பட்டே வந்த காலமும் உண்டு. பிள்ளைகள் வாய் நிறையக் காற்றை ஊதுகிறார்கள், திரையில் சத்தமே இல்லை! ஒரு கோடை முழுதும் வெயிலில் காய்ந்தவர்களின் உழைப்பு அது. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. படைப்பாளிக்கு உரிய பணம் போக வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் லாப நோக்கற்ற இளைஞர் குழுக்களுக்கென்று எளிய, மொத்தமான ஓர் உரிம முறை இந்நேரம் வந்திருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இறுகவில்லை. கிளாஸ்கோ கிரீனில் ஆண்டுதோறும் நடக்கும் உலக பைப் பேண்டு (பேக்பைப் இசைக்குழு) போட்டியைப் பிபிசி ஸ்காட்லாந்து பல ஆண்டுகள் இணையத்தில் கட்டணமில்லாமல் நேரடியாகக் காட்டியிருக்கிறது. அங்கே வாசிக்கப்படுவதில் பரம்பரை மெட்டுகள் நிறைய உண்டு என்பதும், ஒளிபரப்பியது பொது நிறுவனம் என்பதும் காரணங்களாக இருக்கலாம். நியூசிலாந்திலோ கனடாவிலோ இருக்கும் ஒரு பைப் பேண்டு மாணவன் அதைப் பார்க்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

டிரம் கோரில் இப்படிக் கட்டணமில்லாமல் கலையைக் கொண்டு சேர்க்கும் வேலையை இப்போது வாகன நிறுத்துமிடம் செய்கிறது. போட்டிக்கு முன் தாளக் குழு அரங்கத்துக்கு வெளியே, லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே, அரைவட்டமாக நின்று கையைப் பழக்கிக்கொள்ளும். இதை 'லாட்' என்பார்கள். ரசிகர்கள் குச்சி எட்டும் தூரத்தில் சூழ்ந்து நிற்பார்கள். தாளக் கணக்குக் காட்டும் மெட்ரோனோம் ஒலிபெருக்கியில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். ஒன்பது ஸ்னேர் முரசுகளின் குச்சிமுனைகள் ஒரே உயரத்துக்கு எழுந்து ஒரே உயரத்தில் இறங்கும். ஒரு குச்சி அரை அங்குலம் தாழ்ந்தாலும் பயிற்சியாளர் கை காட்டி நிறுத்திவிடுவார். சுற்றிலும் தொலைபேசிகள் உயர்ந்திருக்கும். அன்றிரவே அந்தக் காட்சிகள் யூடியூபில் ஏறிவிடும். கேமரா ஆடும், யாரோ ஒருவரின் தலை மறைக்கும். ஆனாலும் கட்டணமில்லை, யாரும் யாருக்கும் அனுப்பலாம். நிகழ்ச்சியை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்திராத ஸ்னேர் மாணவர்கள் அந்தத் துண்டுகளை வைத்து மாதக்கணக்கில் அறையில் பழகுகிறார்கள். பேண்டு அறை டேப்பின் இடத்தை இது கொஞ்சம் நிரப்புகிறது. குழல்களுக்கும் கொடிகளுக்கும் இந்த அளவுக்கு நிரப்பவில்லை.

உங்கள் மகனுக்கு வருகிறேன். அவன் சொன்னதில் பாதி சரி. அணிவகுப்பைத் திரையில் படிக்கலாம். ஒலியைத் திரையில் பெற முடியாது. நம் ஊர்க் கோயில் வாசலில் தவிலுக்குப் பத்தடி தள்ளி நின்றவருக்கு, அதே தவிலை வானொலியில் கேட்கும்போது என்ன குறைகிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழல் வரிசை முன்கோட்டுக்கு வந்து நின்று முழங்கும்போது அடி வயிற்றில் விழும் அழுத்தத்தை எந்த மைக்ரோபோனும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவராது. அலமோடோமில் உங்களுக்கு அது குறைவாகவே கிடைத்திருக்கலாம். மூடிய கூரையின் கீழ் எதிரொலி ஒலியைக் குழப்பிவிடும்.

ஆகவே அடுத்த கோடையில் பெரிய அரங்கத்துக்குப் பதிலாக, டெக்சாஸில் பள்ளி மைதானத்தில் நடக்கும் சிறிய போட்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திறந்தவெளியாக இருக்கட்டும். மைதானத்தின் நடுவிலுள்ள ஐம்பது கெஜக் கோட்டுக்கு நேராக, நடு உயரத்தில் இடம் பாருங்கள். மாலைப் போட்டிக்கு மதியமே போய்விடுங்கள். மெல்லோபோன்கள் பழகும் இடத்தை விசாரித்து மகனை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். நினைவுப் பொருள் கடையில் ஒரு சட்டையாவது வாங்குங்கள். குழுவின் சாப்பாட்டுச் செலவுக்கும் டீசலுக்கும் அந்தப் பணம் உண்மையிலேயே உதவுகிறது. உறுப்பினர்கள் ஒரு கோடைக்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம் கட்டித்தான் அங்கே நிற்கிறார்கள்.

சந்தாவையும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இறுதிப்போட்டி நடக்கும் ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கட்டினால் மட்டும் ஒரு வேண்டுகோள்: தனியாகப் பார்க்காதீர்கள். மகனின் பேண்டு நண்பர்களை, முக்கியமாக இதைக் கேள்விப்பட்டே இராதவர்களை, வீட்டுக்கு அழையுங்கள். பன்னிரண்டு குழுக்கள் வாசிக்கும், நேரம் பிடிக்கும். இட்லியோ பீட்சாவோ தாராளமாக வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்