22 இன்ச் ரிம்மோட பாறை மேல ஏறலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெரிய லக்சுரி ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒண்ணு எடுத்திருக்கேன் சார். ஏர் சஸ்பென்ஷன், லோ ரேஞ்ச் (மெதுவா, பலமா இழுக்கற கியர்), பாறை மோடு, மணல் மோடு எல்லாம் இருக்கு, வீல் மட்டும் 22 இன்ச். நண்பர்கள் கல்லும் பாறையுமா இருக்கற ஒரு மலைப்பாதைக்கு கூப்பிடறாங்க. வண்டி தாங்குமா?

பதில்: வண்டி தாங்கும், டயர்தான் தாங்காது. டயர் பக்கத்துல குனிஞ்சு அதுல இருக்கற நம்பர படிங்க. 275/40 ஆர்22னு இருந்தா என்ன அர்த்தம்னா, 275 மில்லிமீட்டர் அகலம், அதுல 40 சதவீதம் சைட்வால் உயரம், அதாவது ரிம்முல இருந்து ரோட்ட தொடற இடம் வரைக்கும் டயரோட பக்கச் சுவர், ஆக 110 மில்லிமீட்டர். இப்ப 265/60 ஆர்18னு ஒரு டயர எடுத்துக்குங்க, அதோட சைட்வால் 159 மில்லிமீட்டர். ரெண்டு டயரையும் நிக்க வச்சா உயரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 78 சென்டிமீட்டர் பக்கம் வரும். ஆனா பாறைக்கும் ரிம்முக்கும் நடுவுல கிட்டத்தட்ட அஞ்சு சென்டிமீட்டர் ரப்பர் கூடுதலா கிடைக்குது பாருங்க, கல்லுப்பாதையில அந்த அஞ்சு சென்டிமீட்டர்தான் எல்லாமே.

எனக்கு இது அனுபவத்துல வந்த பாடம். இப்படித்தான் ஒல்லி சைட்வாலோட ஒரு பாதைக்கு போயி, கத்தி மாதிரி நின்ன ஒரு கல்லுல பக்கவாட்டுல கிழிஞ்சிடுச்சு, பஞ்சர் கிட் போட்டு ஒட்டற மாதிரி ஓட்டை இல்ல அது, விரல் நீளத்துக்கு வெட்டு. ஸ்டெப்னிய எடுத்தா அது தற்காலிகமா ஓட்டறதுக்குன்னு குடுத்த ஒல்லி டயர். மீதி தூரம் நடைவேகத்துலதான் வந்தேன், ஒவ்வொரு கல்லுக்கும் உயிர கையில புடிச்சுக்கிட்டு. அதனால கிளம்பறதுக்கு முன்னாடி உங்க ஸ்டெப்னி முழு சைஸா, இல்ல வெறும் ஒட்டற கிட் மட்டும்தானான்னு டிக்கி தரைய தூக்கி பாத்துடுங்க.

சின்ன ரிம் மாத்தலாம், ஆனா பெரிய பிரேக் இருக்கற வண்டியில ரொம்ப சின்ன ரிம் உள்ளயே போகாது, பிரேக் காலிப்பர்ல இடிக்கும். கம்பெனி மேனுவல்ல உங்க எஞ்சினுக்கு எது குறைஞ்ச சைஸ்னு போட்டிருக்கும், அந்த சைஸ்ல ஆல் டெரெய்ன் டயர் (ரோட்டுக்கும் கல்லு மண்ணுக்கும் சேத்து செஞ்சது) ஒரு செட் தனியா வாங்கி வச்சுக்குங்க. அப்புறம் காத்து இறக்கறது. ரோட்டுல 35 பிஎஸ்ஐ ஓட்டறீங்கன்னா கல்லுல 25 பக்கம் இறக்கினா டயர் கல்ல வளைச்சு பிடிக்கும், வண்டியும் குதிக்காது. ஒல்லி டயர்ல அந்த அளவு இறக்கினா கல்லு நேரா ரிம்ம குத்தும், அதனாலதான் 22 இன்ச்சோட போகாதீங்கன்னு இவ்ளோ சொல்றேன்.

மோடு பத்தி ஒரு வார்த்தை. 2004ல லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3ல டெரெய்ன் ரெஸ்பான்ஸ்னு வந்ததுக்கப்புறம் இந்த குமிழ திருப்பற வசதி நிறைய வண்டியில வந்துடுச்சு. அது ஆக்சிலேட்டர மெதுவாக்கும், கியர மாத்தற விதத்த மாத்தும், வீலுங்கள ஒண்ணா சுத்த வைக்கற டிஃப் லாக்க தேவைக்கு இறுக்கும், சுத்தற வீல பிரேக் போட்டு நிறுத்தும், எல்லாம் நல்லதுதான். டயர எந்தக் கல்லு மேல வைக்கணும்ங்கறது மட்டும் அதுக்கு தெரியாது, அத நீங்கதான் பாக்கணும். முன்னாடி பம்பருக்கு கீழ என்ன இருக்குன்னு சீட்ல இருந்து தெரியாத அளவுக்கு பானெட் பெருசு, அதனால ஒருத்தர் இறங்கி முன்னாடி நின்னு கை காட்டட்டும். ஒருத்தர் மட்டும். நாலு பேர் நாலு பக்கத்துல இருந்து கத்தினா கண்டிப்பா தப்பான பக்கம்தான் ஸ்டியரிங் திரும்பும்.

ஏர் சஸ்பென்ஷன முழு உயரத்துக்கு தூக்கிட்டா எல்லாம் சரின்னு நினைக்கறவங்க நிறைய. தூக்கினா வயித்துக்கு கீழ இடம் கிடைக்கும், வாஸ்தவம், ஆனா சஸ்பென்ஷன் ஏற்கனவே நீண்டு நிக்கறதால பள்ளத்துல வீல் இன்னும் கீழ இறங்க மிச்சம் இருக்கறது கம்மி. ஒரு வீல் சீக்கிரமே அந்தரத்துல தொங்கிச்சுன்னா பயப்படாதீங்க, ஆக்சிலேட்டர மெதுவா ஒரே அளவுல பிடிங்க, டிராக்‌ஷன் கண்ட்ரோல் தொங்கற வீல பிடிச்சு மத்த வீலுக்கு பலம் அனுப்ப ஒரு ரெண்டு செகண்ட் எடுத்துக்கும். அந்த ரெண்டு செகண்ட் பொறுக்காம கால எடுத்துடறதுதான் புதுசா ஓட்டறவங்க எல்லாரும் பண்றது.

கேள்வி: மூணு வரிசை சீட் இருக்கற நீளமான மாடல் எங்களோடது. நீளம் ஒரு பிரச்சனையா?

பதில்: ஆமாங்க, மேட்டோட உச்சியில தெரியும். முன் வீல் தாண்டி பின் வீல் ஏறறதுக்குள்ள நடு வயிறு உக்காந்துடும். டொயோட்டா லேண்ட் க்ரூசரோட பெரிய மாடல பாருங்க, 80 சீரிஸ்ல இருந்து 300 சீரிஸ் வரைக்கும் வீல்பேஸ், அதாவது முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல இருக்கற தூரம், 2,850 மில்லிமீட்டர்லயே நிக்குது. இப்ப வர்ற ரேஞ்ச் ரோவர்ல நீள மாடல் 3.2 மீட்டர் கிட்ட. அந்த வித்தியாசம் ரோட்டுல கால் நீட்ட சுகம், மேட்டுல வயித்துல இடி. கூர்மையான மேட்ட நேரா ஏறாம சுத்தி போக வழி இருந்தா சுத்திப் போங்க, அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல.

கேள்வி: இறக்கத்துல எனக்கு கை நடுங்குது. ஹில் டிசென்ட் (இறக்கத்துல வண்டியே பிரேக் பிடிச்சு மெதுவா இறக்கற வசதி) போட்டா பிரேக்ல இருந்து கால எடுத்துடணும்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு, எடுக்க மனசு வரமாட்டேங்குது.

பதில்: நடுங்கறது நியாயம்தான் மேடம், ரெண்டரை டன் வண்டி மூக்க கீழ வச்சு நிக்கும்போது யாருக்கும் அப்படித்தான் இருக்கும். உங்க வீட்டுக்காரர் சொல்றது சரி, ஆனா முதல் தடவையே பெரிய இறக்கத்துல பழகாதீங்க. சின்ன சரிவுல லோ ரேஞ்ச் போட்டு, முதல் கியர்ல, ஹில் டிசென்ட்ட ஆன் பண்ணி நாலஞ்சு தடவை இறங்கிப் பாருங்க. டக்கு டக்குன்னு சத்தம் வரும், அது பிரேக் விட்டு விட்டு பிடிக்கற சத்தம், ஏதோ உடைஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க. ஒண்ணே ஒண்ணு, எவ்ளோ பயம் வந்தாலும் சரிவுல வண்டிய குறுக்க திருப்பாதீங்க, உருண்டுடும். ஏறும்போது பாதியில நின்னாலும் அப்படியே, திருப்ப பாக்காம ரிவர்ஸ் கியர் போட்டு வந்த வழியே நேரா பின்னாடி இறங்கணும், நியூட்ரல்ல விடவே கூடாது.

கேள்வி: 900 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணியில போகலாம்னு எங்க வண்டி கேட்லாக்ல போட்டிருக்கு. நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஓடாத தண்ணியில, அடித்தரை கெட்டியா இருந்தா, மெதுவா போனா. ஓடற தண்ணியில கதவு உயரத்துக்கு பாதி வந்தாலே வண்டி மிதக்க ஆரம்பிக்கும், இவ்ளோ வெயிட்டு மிதக்குமான்னு கேக்காதீங்க, கதவு இறுக்கமா அடைச்ச பெரிய பெட்டிதானே அது. முதல்ல ஒரு கழி வச்சு ஆழம் பாருங்க, தண்ணி வேகமா இழுத்தா இறங்கவே வேண்டாம், வண்டியும் போக வேண்டாம். நடுவுல எஞ்சின் நின்னுட்டா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. உள்ள தண்ணி போயிருந்தா பிஸ்டனால தண்ணிய அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைஞ்சுடும், எஞ்சினே போச்சு.

கேள்வி: மாட்டிக்கிட்டா இன்னொரு வண்டி வச்சு இழுத்துக்கலாம்தானே? பின்னாடி டிரெய்லர் பால் (டிரெய்லர மாட்டற இரும்பு உருண்டை) இருக்கு.

பதில்: தயவு செஞ்சு அத தொடாதீங்க. இந்த ஒரு பதில மட்டுமாவது உங்க கூட வர்ற எல்லாருக்கும் படிச்சு காட்டுங்க. டிரெய்லர் பால் உருண்டு வர்ற டிரெய்லர இழுக்க செஞ்சது, சேத்துல புதைஞ்ச மூணு டன்ன வெடுக்குனு இழுக்க இல்ல. அது உடைஞ்சா குண்டு மாதிரி பறந்து வரும், அப்படி ஆளுங்க செத்திருக்காங்க. பம்பர்ல மூடிய எடுத்துட்டு திருகி மாட்டற கொக்கியும் அப்படித்தான், அது நல்ல ரோட்டுல நின்ன வண்டிய மெதுவா கட்டி இழுக்க மட்டும். சேஸிஸோட கெட்டியா போல்ட் போட்ட, மீட்புக்குன்னே செஞ்ச கொக்கி உங்க மாடல்ல இருக்கான்னு கேட்டு, இல்லன்னா தரமானதா ஒண்ணு போட்டுட்டுதான் கிளம்பணும். லக்சுரி வண்டியில அழகு கெடும்னு இத விட்டுடறாங்க, எனக்கு மனசு அடிச்சுக்குது.

இழுக்கறதுக்கு முன்னாடி மண்வெட்டி. வயிறு மண்ணுல உக்காந்திருந்தா எவ்ளோ இழுத்தாலும் வராது, வீலுக்கு முன்னாடியும் அடியிலயும் தோண்டி, காத்த இன்னும் கொஞ்சம் இறக்கி, பலகை வச்சு பாருங்க, பாதி நேரம் தானாவே வெளிய வந்துடும். மணல்ல ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல அமத்தி வைங்க, இல்லன்னா வேகம் வேணும்ங்கற நேரத்துல அது எஞ்சின கட்டிப் போடும். இதெல்லாம் பண்ணியும் முடியலன்னாதான் கயிறு, கயிறு நடுவுல கனமான ஒரு போர்வை போட்டு, வேடிக்கை பாக்கறவங்கள கயிறு நீளத்துக்கும் தாண்டி தள்ளி நிக்க சொல்லிட்டு இழுங்க. எல்லாம் முடிஞ்சு தார் ரோட்டுக்கு வந்ததும் காத்து அடிக்க மறக்காதீங்க, இறக்கின காத்தோட வேகமா ஓட்டினா டயர் சூடாகி வெடிச்சுடும், ஒரு சின்ன கம்ப்ரஸர் டிக்கியில எப்பவும் கிடக்கட்டும்.