மயக்க மருந்து டாக்டர் ஆகலாமா?

கேள்வி: மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். மேற்படிப்புக்கு மயக்கவியல் எடுக்கலாமா என்று யோசனை. வீட்டில், "ஊசி போட்டுத் தூங்க வைக்கவா இத்தனை வருடம் படித்தாய்?" என்கிறார்கள். நோயாளிக்கு நம் பெயர்கூடத் தெரியாதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். கண் விழித்ததும் நோயாளி தேடுவது சர்ஜனைத்தான். அது உறுத்தும் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

ஆனால் தூங்க வைப்பது இந்த வேலையில் ரொம்பச் சின்னப் பகுதி. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் புரொபோஃபால் என்ற மயக்க மருந்து நரம்பில் ஏறிய ஒரு நிமிடத்துக்குள் ஆள் தூங்கிவிடுவார், பெரும்பாலும் மூச்சும் நின்றுவிடும், தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் போட்டுவிட்டால் அவராக ஒரு மூச்சுகூட இழுக்க முடியாது, அந்த நொடியிலிருந்து அது உங்கள் பொறுப்பு. மூச்சுக்குழாய்க்குள் டியூப் ஒழுங்காகப் போய்விட்டால் சரி. போகவில்லை என்றால்? மறுபடி முயல அவகாசம் வேண்டுமே, அதற்காகத்தான் முன்கூட்டியே மாஸ்க் வைத்து ஆக்சிஜனை நிரப்புகிறார்கள். ஆக்சிமீட்டரின் 'பீப்' சத்தத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அதன் சுதி இறங்கும். பழகிய டாக்டர் திரும்பி நின்று மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாலும் காது சொல்லிவிடும். அந்த நேரத்தில் பதறுவது தப்பில்லை, புதிதில் எல்லோரும் பதறுவார்கள். உதவிக்கு ஆள் கூப்பிடக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

மற்றபடி மணிக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. அந்த அலுப்பிலும் கண்ணும் காதும் திறந்திருக்க வேண்டும். ராத்திரி அவசர அழைப்புகள் உண்டு. ஃபென்டனில் போன்ற, போதை தரும் வலி மருந்துகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால் இந்தத் துறையில் அவற்றுக்கு அடிமையானவர்களும் இருக்கிறார்கள், இதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் சொல்ல ஒரு விஷயம் தருகிறேன். பிறந்த குழந்தையின் நிலையைக் கணிக்கப் போடும் ஆப்கர் மதிப்பெண்ணை 1952-ல் உருவாக்கிய வர்ஜீனியா ஆப்கர் ஒரு மயக்கவியல் நிபுணர், அதுவும் அறுவை சிகிச்சை படித்துவிட்டு இங்கே வந்தவர். அதே வருடம் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுவிட முடியாத நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டு டியூப் வைத்துக் கையாலேயே காற்றடிக்கலாம் என்று வழிகாட்டிய இப்சனும் இந்தத் துறைக்காரர்தான். உங்களைப் போன்ற மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் காற்றடிக்கும் பையை அமுக்கினார்கள். இன்றைய ஐ.சி.யூ.வுக்கு வித்திட்டது அதுதான். நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர் சலித்தால் ஐ.சி.யூ.வுக்கோ வலி நிவாரண சிகிச்சைக்கோ நீங்களும் போகலாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் தியேட்டரில் சர்ஜன் பக்கம் நிற்காமல் நோயாளியின் தலைமாட்டில் நின்று பாருங்கள். அப்புறம், ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியைப் பார்க்கப் போகும் டாக்டரோடும் போங்கள். முன்பின் தெரியாத ஒருவரின் பயத்தைப் பத்து நிமிடத்தில் தணிக்கப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஊசி போட்டதும் மயக்க மருந்து டாக்டர் வெளியே போய்விடுவாராமே?

பதில்: போகக் கூடாது. டீ குடிக்கப் போனால்கூட, இதே பயிற்சி பெற்ற இன்னொருவரைத் தலைமாட்டில் நிறுத்திவிட்டுத்தான்.